கரண்ட் வைக்கப் போகும் முன்: செல் தன்னைப் பழுதுபார்க்கும் விதமும் நாம் செய்ய வேண்டியதும்

நம்ம பக்கம் கதிரியக்கச் சிகிச்சை என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, ‘கரண்ட் வைக்கிறது’ என்றால்தான் புரியும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிற என் பெரியம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து, கோயம்புத்தூரில் கரண்ட் வைக்க ஆரம்பித்தபோது கூடப் போய் வந்தது நான். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், டிஎன்ஏ பழுதுபார்ப்பை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள். அந்தப் படத்துக்கும், பெரியம்மா விடிகாலை பஸ்ஸைத் தவறாமல் பிடிக்க வேண்டியிருப்பதற்கும் எவ்வளவு நெருக்கமான தொடர்பு இருக்கிறது என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் முழுசாக உறைத்தது. முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று தப்புகளைச் செய்திருக்க மாட்டோம். அதனால் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, எனவே இதைப் படித்துவிட்டு மருந்தையோ நாளையோ நீங்களாக மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை நாள் அலைய வேண்டும்?

இரண்டாம் நாளே பெரியம்மா கேட்டார்: “ஏனம்மிணி, அந்தக் கரண்ட்ட ஒட்டுக்கா ஒரே நாள்ல வெச்சு உட்டா ஆகாதா? எதுக்கு இத்தன நாளு அலையோணும்?”

இதற்கான பதில் செம்மறிக் கிடாயில் இருக்கிறது, அதனால் அவருக்குச் சட்டென்று புரிந்தது. 1920களில் பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்பவரும் அவர் குழுவினரும் கிடாயின் விதையைக் கதிரால் மலடாக்கிப் பார்த்தார்கள். ஒரே தடவையில் கொடுத்தால் மேல்தோல் வெந்துபோகாமல் மலடாக்க முடியவில்லை. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது விதை மலடானது, தோல் தப்பித்தது. ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும் விதைச் செல்லைப் போன்றது கட்டி, தோலைப் போன்றது சுற்றியிருக்கும் நல்ல சதை என்று எடுத்துக்கொண்டார்கள். தவணை தவணையாகக் கரண்ட் வைக்கும் முறை அப்படித்தான் வேர்விட்டது. இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான துப்பு 1959இல் கிடைத்தது: மார்ட்டிமர் எல்கைண்டும் சட்டன் என்பவரும் ஒரே அளவுக் கதிரை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணி நேரம் விட்டுச் செல்களுக்குக் கொடுத்தார்கள், மொத்தமாகக் கொடுத்ததைவிட அதிகச் செல்கள் பிழைத்தன. அந்தச் சில மணி நேரத்தில் செல் தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறது.

எதைச் சரிசெய்கிறது? வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிற என் அண்ணனுக்கு, பெரியம்மா மகன்தான், இப்படிச் சொன்னேன். டிஎன்ஏ இரண்டு புரி முறுக்கிய நூல் மாதிரி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் 2 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. ஒரு நாள் தவணை என்பது பெரும்பாலும் 2 கிரே (கதிரை அளக்கும் அலகு); அந்த ஒரு தவணையில் ஒரு செல்லின் நூலில் ஒற்றைப் புரி மட்டும் அறுவது ஏறத்தாழ 2,000 இடங்களில், இரண்டு புரியும் சேர்ந்து அறுவது 40 முதல் 80 இடங்களில். ஒற்றைப் புரி அறுந்தால் பெரிய விஷயமில்லை, அடுத்த புரி பிடித்துக்கொண்டிருக்கும், செல் சீக்கிரம் ஒட்டிவிடும். இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து. அப்போது செல்லுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, அறுந்த முனைகளை அப்படியே இழுத்து முடிச்சுப் போடுவது: வேகமான வழி, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் நடுவில் கொஞ்சம் போனால் போனதுதான். இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் நகலைப் பார்த்து விட்டுப்போனதை நிரப்பிச் சரிசெய்வது: நிதானமான, சுத்தமான வழி, ஆனால் பிரிவதற்காக டிஎன்ஏவை இரட்டிப்பாக்கிவிட்ட செல்லில்தான் முடியும், ஏனென்றால் அப்போதுதான் நகல் இருக்கும். மார்பகப் புற்றுநோய் பேச்சில் அடிபடும் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 மரபணுக்கள் இந்த இரண்டாவது வழிக்கு வேலை செய்பவை.

ஆட்டோ லூமில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும் இல்லையா, அதேபோல நல்ல செல்லும் டிஎன்ஏ அறுந்ததும் பிரிவதை நிறுத்திவிட்டு முதலில் பழுதைப் பார்க்கும். பல கட்டிகளில் இந்த நிறுத்தும் ஏற்பாடு, குறிப்பாக பி53 என்ற புரதம், கெட்டுப்போயிருக்கும். அறுந்த நூலோடேயே தறி ஓடிக்கொண்டிருக்கும், கடைசியில் துணி முழுக்கப் பாழாகிச் செல் செத்துப்போகும். நல்ல செல் இரவுக்குள் பெரும்பாலும் தேறிவிடும், கட்டிச் செல் அந்த அளவுக்குத் தேறாது. மொத்தக் கரண்ட் வைத்தியமும் இந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கணக்கு

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். ஒரு தவணைக்குக் கட்டியில் பாதிச் செல்கள் பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம், கட்டிக்குக் கட்டி இது மாறும். 10 தவணையில் சுமாராக ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும். 20 தவணையில் பத்து லட்சத்தில் ஒன்று. 30 தவணையில் நூறு கோடியில் ஒன்று. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் இருப்பதும் கிட்டத்தட்ட நூறு கோடி செல் என்றுதான் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே மூன்றாவது வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, வலி குறைந்துவிட்டது, “போதும், நல்லாயிருச்சு” என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பது லட்சக்கணக்கில்.

இப்போது தவணைக்கு 50 விழுக்காடு பிழைப்பதை 40 விழுக்காடாக மட்டும் குறைத்துப் பாருங்கள். 30 தவணை முடிவில் மிஞ்சும் செல்கள் சுமார் 800 மடங்கு குறைந்துவிடும். டிஎன்ஏ பழுதுபார்ப்பை ஆராய்கிறவர்கள் ராப்பகலாகத் தேடுவது இந்தச் சின்னத் தள்ளலைத்தான்: கட்டிச் செல்லின் பழுதுபார்ப்பை மட்டும் கொஞ்சம் கெடுத்தால் போதும். கஷ்டம் என்னவென்றால், அதே மருந்து நல்ல செல்லின் பழுதுபார்ப்பையும் கெடுத்தால், அங்கேயும் இதே பெருக்கல் நடக்கும், புண்ணாக.

நாள் தவறாமல் போவது

நாங்கள் தப்புச் செய்தது இங்கேதான். மூன்றாவது வாரம் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள். சாட்டின பிறகு வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று பெரியம்மா பிடிவாதமாக ஊரிலேயே இருந்துவிட்டார், மூன்று நாள் போனது. அதற்கடுத்த வாரம் மருத்துவமனையில் மெஷின் பழுதாகி இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். ஆக ஐந்து நாள். டாக்டரம்மா கோபப்படவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது.

கரண்ட் தொடங்கிச் சில வாரம் ஆனதும், மிஞ்சியிருக்கும் கட்டிச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றில் இது சுமார் நான்காவது வாரத்தில் தொடங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். அதன் பிறகு விடுகிற ஒவ்வொரு நாளும் கட்டிக்கு லாபம். தலை, கழுத்து, கருப்பை வாய்ப் புற்றுகளில் மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. கருப்பை வாய்ப் புற்றுக்கு, வெளியே மெஷினிலிருந்து வரும் வெளிக்கதிர், உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர் எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: முதல் நாளே தேதிகளை வாங்கிக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நோம்பி, கல்யாணச் சீர், மஞ்சள் வெட்டு, தீபாவளி, பொங்கல் எது குறுக்கே வருகிறது என்று அன்றைக்கே பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தாராபுரம், கோபி, அந்தியூர்ப் பக்கமிருந்து தினம் போய்வருவது உடம்புக்கு முடியாது என்று தோன்றினால் கோவையிலோ ஈரோட்டிலோ மருத்துவமனைக்கு அருகில் தங்குவதற்கு இடம் உண்டா என்று முதல் நாளே விசாரியுங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். எவ்வளவு பார்த்தும் நாள் விட்டுப்போய்விட்டால் பயந்துகொண்டு சும்மா இருக்காதீர்கள், “விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவீங்க?” என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை வைத்தார்கள், அப்புறம் ஒரு நாள் காலையிலும் சாயங்காலமுமாக இரண்டு தவணை. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு எல்கைண்டின் சோதனைதான் ஞாபகம் வந்தது: நல்ல சதை தன் பழுதைப் பார்த்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். 54ஆம் நாள் முடித்தோம்.

எல்லாப் புற்றுக்கும் ஒரே தவணைக் கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுக்கு முன்பு 25 தவணை கொடுத்த இடத்தில் இப்போது 15 தவணையில் முடிக்கிறார்கள், பிரிட்டனில் 2020இல் வெளியான ஆய்வு 5 தவணையிலேயே முடிக்கலாம் என்று காட்டியது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று வாரம்தானே என்று ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள், உங்கள் கட்டிக்கு எது பொருத்தம் என்று கேட்டால் மருத்துவரே சொல்லுவார்.

ரத்தமும் பீடியும்

கதிர் அறுத்த டிஎன்ஏ முனையில் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் பழுதைச் சரிசெய்வது செல்லுக்கு ரொம்பக் கடினம். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு வரை அதிகக் கதிர் வேண்டும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ஏற்கெனவே ரத்தம் சரியாகப் போகாது, அதோடு ரத்தசோகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். வாராவாரம் ரத்தம் எடுக்கும்போது “ஹீமோகுளோபின் எவ்வளவுங்க?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ரத்தம் ஊறுவதற்கென்று மருந்துக்கடையில் ஊசி வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால், கரண்ட் வைக்கும் நாட்களில் நிறுத்துவதற்கு நேரான காரணம் இருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டே புகைத்தவர்களுக்குக் கட்டி அடங்குவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “வந்ததுதான் வந்துருச்சு, இனி உட்டு என்ன ஆவப்போவுது” என்று எங்கள் மாமா ஒருவர் சொல்லுவார். ஆகும், நிறைய ஆகும்.

சத்து மாத்திரை, மஞ்சள் மாத்திரை

இதில்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் பாசத்தோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். கதிர் தன் பெரும்பகுதி வேலையைச் செய்வது தண்ணீர் மூலக்கூறை உடைத்து உருவாக்கும் தீவிரத் துணுக்குகளால். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் அந்தத் துணுக்குகளைத்தான் அணைக்கின்றன. கனடாவின் கியூபெக்கில் 540 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2005இல் முடிவு வந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் புண் குறைந்தது உண்மை. ஆனால் சிகிச்சைக் காலத்தில் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுவதுபோலத் தெரிந்தது. நல்ல செல்லோடு கட்டிச் செல்லுக்கும் அது குடை பிடித்திருக்கலாம்.

ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கி அடைத்த மாத்திரை, பெயர் தெரியாத லேகியம், அதிக அளவு வைட்டமின் இவற்றை எடுப்பதாக இருந்தால் டப்பாவோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைக்காதீர்கள். மேலுக்கு மஞ்சள் பூசுவதும் விபூதி அப்புவதும் கரண்ட் வைக்கும் இடத்தில் கேட்காமல் வேண்டாம், கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்டுவிட்ட கோடுகளையும் தேய்த்து அழிக்க வேண்டாம்.

கரண்ட்டோடு போடும் ஊசி

பெரியம்மாவுக்கு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி போட்டார்கள். “கரண்ட்டே வெக்கறாங்க, அப்புறம் ஊசி எதுக்கு?” என்று அதைத் தவிர்க்கப் பார்த்தார். பழுதுபார்ப்பைக் கெடுக்கும் மருந்துக்கு இன்றைக்கு நம் ஊர் மருத்துவமனையிலேயே கிடைக்கும் நல்ல உதாரணம் அதுதான். சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவின் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும், அதற்கு நடுவே கதிர் அறுத்த இடத்தைச் சரிசெய்ய வரும் செல் திணறிப்போகும். ஐந்து பெரிய ஆய்வுகள் ஒன்றுபோலச் சொன்னதால் 1999இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், கருப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைக்கும்போது இந்த வகை ஊசியையும் சேர்ப்பதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவிப்பே வெளியிட்டது. அன்றைக்குச் சொல்லும் அளவு தண்ணீர் குடியுங்கள், காதில் இரைச்சல் கேட்டால், சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

சிறுநீரகமோ காதோ சரியில்லாதவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. அவர்களுக்கு என்ன வழி என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை பார்த்தது. தலை, கழுத்துப் புற்று உள்ள, சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிடாக்சல் என்ற மருந்தைக் கொஞ்ச அளவில் வாராவாரம் கரண்ட்டோடு கொடுத்ததில், இரண்டு ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 விழுக்காடாகக் கூடினார்கள், 2023இல் வெளிவந்தது. டோசிடாக்சல் செல்லைப் பிரியும் கட்டத்தில் மாட்டி நிறுத்துகிறது, கதிருக்கு செல் மிகவும் எளிதில் இரையாகும் கட்டம் அது. நம் நாட்டில், நம் ஆட்களிடம், ஏற்கெனவே கடையில் இருக்கும் மருந்தை வைத்துக் கண்டது என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை. சிஸ்பிளாட்டின் முடியாது என்று சொன்னால், “வேற ஏதாச்சும் சேர்க்க முடியுங்களா?” என்று கேட்க இது போதும்.

முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியது

குடும்பத்தில் இளவயதில் மார்பகம், சினைப்பைப் புற்று வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பிஆர்சிஏ பரிசோதனை தேவையா என்று பார்ப்பார்கள். முன்பு எங்காவது கரண்ட் வைத்திருந்தால் சொல்லுங்கள். தோல் இறுகும் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் இருந்தால் சொல்லுங்கள். நடை தள்ளாடி, கண்ணில் சிவப்பு நரம்பு தெரிந்து, அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும் குழந்தை உறவில் இருந்தால் அதையும் விடாதீர்கள். டிஎன்ஏ அறுந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கிற ஏடிஎம் என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்படி வரும், அவர்களுக்கு வழக்கமான அளவுக் கதிரே உயிருக்கு ஆபத்து. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் உண்டாகும் என்பதால், சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

புது மருந்துச் செய்தியை எப்படிப் படிப்பது

2015இல் டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காகத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அதன் பிறகு இந்தத் துறையைப் பற்றிய செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன, “புற்றுநோய்க்கு முடிவு” என்ற தலைப்போடு. நிலவரம் இதுதான். ஒற்றைப் புரிப் பழுதைப் பார்க்கும் பார்ப் என்ற நொதியை அடக்கும் ஓலாபரிப், பிஆர்சிஏ கெட்டுப்போன சினைப்பைப் புற்றுக்கு 2014இல் அனுமதி பெற்றது. ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட செல்லில் இன்னொரு வழியையும் அடைத்தால் அது சாகும், இரண்டு வழியும் உள்ள நல்ல செல் தப்பிக்கும்: இதில் எனக்குப் பிடித்த யோசனையே இதுதான். ஆனால் அதைக் கரண்ட்டோடு சேர்த்துத் தருவது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. முனைகளை முடிச்சுப் போடும் டிஎன்ஏ-பிகே என்ற நொதியை அடக்கும் மருந்துகள், மூளைக் கட்டிக்காக ஏடிஎம்மை அடக்கும் மருந்துகள், இவையும் அப்படியே. முடிச்சுப் போடும் வழியை நல்ல சதையும் நம்பியிருப்பதால் வாய்ப்புண், தோல்புண் கடுமையாகிவிடுமோ என்பதுதான் அங்கே உள்ள பெரிய பயம்.

41, 42 டிகிரிச் சூடு பிஆர்சிஏ 2 புரதத்தைச் சிதைத்து நகல் பார்க்கும் வழியை அடைக்கிறது என்று 2011இல் காட்டினார்கள், கரண்ட்டோடு சூடு கொடுக்கும் சிகிச்சை சில நாடுகளில் உண்டு. அது தனிக் கருவியால், உள்ளே வெப்பத்தை அளந்துகொண்டே செய்வது. வீட்டில் கரண்ட் வைத்த இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் தோல்தான் உரியும்.

செய்தி எதைப் படித்தாலும் நான் பார்ப்பது: கண்ணாடித் தட்டில் செய்ததா, எலியிலா, மனிதர்களிலா? மருந்து சேர்த்தவர்களைக் கரண்ட் மட்டும் வைத்தவர்களோடு ஒப்பிட்டார்களா? ஒரு வருஷம் கழித்து வரும் பின்விளைவையும் எண்ணினார்களா? கரண்ட்டின் தழும்பு, சதை இறுக்கம், குடல் தொந்தரவு இவை தாமதமாக வருபவை, ஆறு வாரம் பார்த்துவிட்டு “பக்கவிளைவு இல்லை” என்று சொல்வதை நம்ப முடியாது.

ஆய்வில் சேரலாமா என்று மருத்துவர் கேட்டால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவானதா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். எந்த நாளும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் இலவசமாகப் பார்க்க வேண்டியது 2019 விதிகளின்படி அவர்கள் பொறுப்பு.

முடிந்த அன்றைக்கு

கடைசித் தவணை முடிந்த சந்தோஷத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு, எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உள்கதிர் எவ்வளவு, கூட என்ன ஊசி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கட்டிக்குப் பக்கத்துச் சதை கதிரை வாங்கியிருக்கிறது, பழுது முழுக்கத் தேறியிருக்காது. பத்து வருஷம் கழித்து அதே பக்கத்தில் வேறெதற்காவது கரண்ட் வைக்க வேண்டிவந்தால், இன்னும் எவ்வளவு தாங்கும் என்று மருத்துவர் கணக்குப் போடுவது அந்தக் காகிதத்தை வைத்துத்தான். பெரியம்மா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தோட்டத்துப் பட்டாவோடு பீரோவில் வைத்திருக்கிறார்; ஒரு நகல் என்னிடம், ஒன்று அண்ணன் கைபேசியில்.